அந்த நூறு பிள்ளைகள்

வயிற்றில் இருக்கும் பிள்ளை நாலாவது இடத்தில் இருக்கிறது என்று டாக்டர் ஸ்ரீவித்யா சொன்னபோது சுகந்திக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் ஒருநாளும் பத்து ரேங்குக்குள் வந்ததில்லை.

"நாலாவதுன்னா நல்லதுதான டாக்டர்?"

"கீழேயிருந்து நாலாவதும்மா" என்றார் ஸ்ரீவித்யா. அவர் கண் ஸ்கேன் திரையிலேயே இருந்தது. "நூறு பிள்ளைங்கள எடையப் பாத்து, சின்னதுலருந்து பெருசு வரைக்கும் வரிசையா நிறுத்துறோம்னு வச்சுக்கோ. உன் பிள்ளை நாலாவது ஆளு. மிச்சம் தொண்ணூத்தாறு பேரும் அதைவிடப் பெருசு. பத்துக்குக் கீழ வந்தாலே வளர்ச்சிக் குறைவுன்னுதான் நாங்க எழுதணும். தேவைப்பட்டா மாசம் நிறையுறதுக்கு முன்னாலயே எடுக்க வேண்டி வரும்."

சுகந்தி படுத்தபடியே விட்டத்தைப் பார்த்தாள். வயிற்றில் தடவிய பசை குளிர்ந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். அப்பா குத்தகைக்கு நெல் வயல் பார்த்தவர். அம்மா செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், புனலூர். இருவருமே இப்போது இல்லை. கணவன் மாரிச்செல்வம் சுரண்டைக்காரன். மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். மாமியார் முருகம்மாள், வாதம் வந்து படுத்துவிட்ட மாமனாரை விட்டு நகர முடியாமல் சுரண்டையிலேயே இருந்தாள். தென்காசியில் ஒரு மாடி அறையில் சுகந்தி தனியாகக் குடியிருந்தாள். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை விட்ட பிறகு, பால்காரரைத் தவிர யாரோடும் வாய் திறந்து பேசாத நாட்கள் வந்தன. உள்ளே கிடந்து உதைக்கிறதே, அதுதான் துணை. சாப்பிட்டுப் படுத்தால் இடது பக்கம் உதைக்கும். குக்கர் விசில் அடித்தால் துள்ளும். ஆகவே அது சின்னப் பிள்ளை என்று யாரோ சொன்னதும், கூட இருக்கும் ஒரே ஆளைப் பற்றிக் குறை சொன்னது போல அவளுக்குச் சுருக்கென்றது.

"டாக்டர், அந்த நூறு பிள்ளைங்க யாரு?"

"எந்த நூறு பிள்ளைங்க?"

"நீங்க சொன்னீயல்லா, வரிசையில நிக்கிற பிள்ளைங்க. அவங்கல்லாம் எந்த ஊரு?"

ஸ்ரீவித்யா அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். அந்தக் கருவியில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஏதோ தேடினார். கருவியைப் பொருத்த வந்த இன்ஜினியர், எங்கோ குளிர் தேசத்துப் பிள்ளைகளின் வரிசையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் கீழே வேறு நாலைந்து வரிசைகளும் இருந்தன. 'ஆசியர்' என்று ஒன்று. ஸ்ரீவித்யா கொஞ்சம் தயங்கிவிட்டு அதைத் தொட்டார்.

பிள்ளை முப்பத்தோராவது இடத்துக்குப் போய்விட்டது.

உள்ளே அது ஒரு காலை நீட்டி மடக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஸ்ரீவித்யா, "ஒண்ணுமில்லம்மா, பிள்ளை நல்லா இருக்கு" என்று சொல்லி, பசையைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார். சுகந்தி வீட்டுக்கு வந்து உளுந்தஞ்சோறு பொங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாளே அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

பிறைநுதல் தாய் சேய் உயர் ஆய்வு மருத்துவமனையில் ஒரு பிள்ளை ஒரே மூச்சில் இருபத்தேழு இடம் முன்னேறுவதற்குத் தலைவரின் அனுமதி வேண்டும் என்பது சுகந்திக்குத் தெரிந்திருக்கவில்லை. தலைவர் டாக்டர் சிவசுப்பிரமணியன். நிலமும் கோவில் முதல் மரியாதையும் உள்ள குடும்பம். விஷயம் அவர் காதுக்குப் போன அன்றே 'இனவாரிக் கருவளர்ச்சித் தரநிர்ணயக் குழு' என்று ஒன்றை அமைத்துவிட்டார். தொடை எலும்பின் நீளம் சம்பந்தப்பட்டது என்பதால் அதில் ஓர் எலும்பு டாக்டர். இனம் சம்பந்தப்பட்டது என்பதால் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் சண்முகநாதன். மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அதிகாரி பேச்சிராஜ்தான் ஒருங்கிணைப்பாளர். முந்திரிப்பருப்பும் தேநீரும் அவர் பொறுப்பு.

நீள மேசையின் ஒரு முனையில் சுகந்தியை உட்கார வைத்தார்கள். சுவரில் அவள் பிள்ளையின் படம் பெரிதாக ஓடியது. எல்லாருடைய நாற்காலியும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"உங்க சமூகம் என்னம்மா?" என்று கேட்டார் தலைவர், படத்தைப் பார்த்துக்கொண்டே.

"எதுக்கு சார்?"

"தப்பா எடுத்துக்கக் கூடாது. இது அறிவியல். இங்க யாரும் சாதி பாக்குறதில்ல. இனக்குழு என்னன்னுதான் கேக்குறோம்."

"இனக்குழுன்னா நான் என்ன சார் சொல்லணும்?"

"சாதியச் சொன்னாப் போதும்."

சொன்னாள். பேச்சிராஜ் சொந்த ஊரையும் கேட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டார்.

"அம்மாவும் அதே ஊருதானா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். அம்மைக்குப் புனலூரு."

தேநீர்க் கோப்பைகள் அப்படியே நின்றன. எலும்பு டாக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்போ கேரளா வரிசையில்லா சார் போடணும்? அங்க பிள்ளைங்க எடை ஜாஸ்தி. அங்கன கொண்டு நிறுத்தினா இது பழையபடி கீழ வந்துரும்."

"அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது" என்றார் பேராசிரியர். அவர் வீட்டிலும் மேடைத் தமிழில்தான் பேசுவார் என்று கேள்வி. "ஐம்பத்தாறாம் ஆண்டு வரை செங்கோட்டையே திருவிதாங்கூரில் இருந்தது. மாநில எல்லை நகர்ந்தபோது கர்ப்பிணிகள் நகரவில்லை. ஆகவே இந்தச் சிசுவை எந்த ஆண்டின் எல்லைப்படி அளப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்."

"தகப்பனார் எங்க?" என்றார் தலைவர்.

"மஸ்கட்ல இருக்காவ சார்."

"அது வேறயா." தலைவர் நெற்றியைத் தடவினார். விசாவால் ஒருவரது இனம் மாறாது என்று பேராசிரியர் அவருக்கு உறுதி கொடுத்தார். பிறகு நெடுநேரம் பேசினார்கள். ஒரு கட்டத்தில் எலும்பு டாக்டர் ஒரு சமரசத்தை முன்வைத்தார். பிள்ளையின் தலையைப் புனலூர்ப்படியும், வயிற்றுச் சுற்றளவைக் கீழப்பாவூர்ப்படியும், தொடை எலும்பைச் சுரண்டைப்படியும் பார்த்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது என்றார். தலைவருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மூன்று ஊருக்கும் தனித்தனியாக வரிசைகள் கைவசம் இல்லை. எனவே, வரிசை தயாராகும்வரை இந்தக் குழந்தையை எந்த வரிசையிலும் சேர்க்காமல் நிறுத்திவைப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

சுகந்தி எழுந்திருக்க மேசையைப் பிடித்தபடி கேட்டாள். "சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பிள்ள நல்லா இருக்கா, இல்லையா?"

"அது மருத்துவக் கேள்விம்மா" என்றார் தலைவர் கனிவாக. "இந்தக் குழு அதுக்குள்ள போறதில்ல."

சாயங்காலம் மாரிச்செல்வம் கூப்பிட்டான். பின்னால் இரும்பு மோதும் சத்தம் கேட்டது.

"என்னட்டி சொல்லுதாங்க?"

"ஒங்க ஒசரம் என்னன்னு கேட்டாங்க. எங்கம்மைக்கு எந்த ஊருன்னு கேட்டாங்க."

"கோட்டிக்காரப் பயலுவளா இருக்காங்களே. நீயும் குட்டை, நானும் குட்டை. பிள்ள மட்டும் பனைமரமாட்டமா இருக்கும்? நீ பயப்படாத."

"பயமா இல்லங்க. நீங்க ஒரு பத்து நாளைக்கு வந்துட்டுப் போனீயன்னா…"

"இப்ப எப்பிடிட்டி லீவு கேக்க? ஆளக் கொறைக்காம்லா. இரு, சூப்பர்வைசர் வாரான்."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிடுவான் என்று சுகந்தி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கூப்பிடவில்லை. கீழ்வீட்டில் தொலைக்காட்சி ஓடியது. அதில் யாரோ யாரையோ சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். சுகந்தி எழுந்து குக்கரை வைத்தாள். பசியில்லை. விசில் அடித்ததும் உள்ளே துள்ளியது. அடுப்பை அணைத்துவிட்டு, துள்ளிய இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறைநுதல் மருத்துவமனை தனக்கென்று ஒரு வரிசையை உண்டாக்க முடிவு செய்தது. 'தென்பொதிகை வளர்ச்சிக் கோடு' என்று பெயரும் வைத்தார்கள். அதற்குக் கலப்பில்லாத கர்ப்பிணிகள் தேவைப்பட்டார்கள். பேச்சிராஜ் வேன் பிடித்துக்கொண்டு சுரண்டையிலும் கீழப்பாவூரிலும் வடகரையிலும் இலவச ஸ்கேன் முகாம் நடத்தினார். சுகந்தியையும் கூட்டிப் போனார்கள். எந்த வரிசையிலும் இல்லாத பிள்ளையை முகாமில் ஓர் உதாரணமாகக் காட்ட வேண்டியிருந்தது.

சுரண்டை முகாமில் பெண்கள் கல்யாணத்துக்கு வருவது போலக் கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் கூட ஒரு மதினியோ சித்தியோ இருந்தாள். பேராசிரியர் ஒரு மேசையில் உட்கார்ந்து பூர்வீகம் விசாரித்தார். நாலு தலைமுறையாகச் சிற்றாற்றுக்கு இந்தப் பக்கமே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்க வேண்டும் என்பது விதி.

"உன் பாட்டி எந்த ஊரம்மா?"

"சங்கரன்கோவிலு."

"கலப்பு. அடுத்து?"

"எங்க தாத்தா கொழும்புலருந்து வந்தவரு சார்."

"கடல் கடந்த கலப்பு. அடுத்து?"

ஒருத்திக்குப் பூட்டி ஆரியங்காவு. இன்னொருத்தி குடும்பம் பஞ்சத்துக்கு எங்கிருந்தோ நடந்து வந்ததாகச் சொன்னாள், எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. இடைவேளைக்குள் பேராசிரியர் குரல் கம்மிவிட்டது. மூன்று ஊர் முகாமும் முடிந்தபோது விதிக்குப் பொருந்தியவர்கள் இரண்டே பேர். இருவரும் தலைவரின் தம்பி மகள்கள். அந்தக் குடும்பம் ஏழு தலைமுறையாக ஆற்றைத் தாண்டிச் சம்பந்தம் செய்ததில்லை.

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நூறு பேர் வரிசையை எப்படி உண்டாக்குவது என்று ஸ்ரீவித்யா கேட்டாராம். மீதித் தொண்ணூற்றெட்டு பேரைக் கணக்குப் போட்டு வரவழைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் பதில் சொன்னார். அப்படியே வரவழைத்தார்கள். சுகந்தியின் பிள்ளை அந்த வரிசையில் சரியாக ஐம்பதாவது இடத்தில் போய் நின்றது. பேச்சிராஜ் அவளுக்குப் போன் செய்து, "நட்ட நடுவுல நிக்கும்மா ஒங்க பிள்ள! அங்கிட்டும் நாப்பத்தொம்பது, இங்கிட்டும் அம்பது. இதுக்கு மேல ஒரு தாய்க்கு என்ன வேணும்?" என்றார்.

கோட்டின் வெளியீட்டு விழாவைக் குற்றாலத்தில் ஒரு விடுதி அரங்கில் வைத்தார்கள். நல்ல சீசன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சாலை நெடுக எண்ணெய் தேய்த்த உடம்புகளோடு ஆட்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அரங்குக்குள் வேறு மாதிரிக் குளிர். மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சுகந்திக்கு ஒரு நாற்காலி போட்டு, 'முதல் பயனாளி' என்று பட்டுத் துணியில் எழுதிக் குறுக்கே மாட்டிவிட்டிருந்தார்கள். அது வயிற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தது.

தலைவர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே! நேற்றுவரை நம் குழந்தைகள் அந்நியக் குழந்தைகளோடு ஒரே வரிசையில் நின்றன. கூனிக் குறுகிக் கடைசியில் நின்றன. இன்று நமக்கென்று ஒரு வரிசை கிடைத்திருக்கிறது. இந்த வரிசையில் நம் குழந்தை எதுவும் கடைசியில் நிற்காது. அப்படி நின்றுவிட்டால் கோட்டை மாற்றி வரைவோம்!"

கை தட்டினார்கள்.

"ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். சென்ற மாதம் நம் மருத்துவமனையில் வளர்ச்சி குன்றிய சிசுக்கள் நூற்றுக்கு முப்பது. புதிய கோட்டை ஏற்றுக்கொண்ட இந்த மாதம் ஒன்றுகூட இல்லை. ஒரு மாத்திரை கொடுக்கவில்லை. ஓர் ஊசி போடவில்லை. தாய்க்கு ஒரு முட்டைகூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை. வெறும் கோட்டினாலேயே சாதித்திருக்கிறோம். கோடு குழந்தைக்காகவா, குழந்தை கோட்டுக்காகவா என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டும் மருத்துவமனைக்காக என்பதே என் பணிவான பதில்."

இந்த முறை இன்னும் நிறையத் தட்டினார்கள். ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு உள்ளே ஒரு துள்ளல் வரும் என்று சுகந்தி தன்னை அறியாமல் காத்திருந்தாள்.

வரவில்லை.

காலையில் கிளம்பும்போதும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சேலை மடிப்பு, வேன், மழை என்று கவனிக்காமல் விட்டுவிட்டாள். கொடுத்திருந்த பழச்சாற்றை ஒரே மூச்சாகக் குடித்தாள். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள். பட்டுத் துணிக்குக் கீழே விரலால் மெல்லக் குத்திப் பார்த்தாள். கிணற்றில் போட்ட கல் போல ஒரு பதிலும் இல்லை. மேடையின் பின்புறம் நின்ற பேச்சிராஜைக் கையாட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, பிள்ள காலையிலருந்து அசையல."

"ஏசி ஜாஸ்தில்லா, பிள்ள தூங்கியிருக்கும்மா."

"இல்ல அண்ணாச்சி. இது அப்பிடித் தூங்காது."

"அம்பதாவது இடத்துல நிக்கிற பிள்ளைக்கு என்னம்மா வரப்போவுது?" பேச்சிராஜ் குனிந்து சிரித்த முகத்தோடு பேசினார், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இத மேடையில வச்சு யாருட்டயும் சொல்லிராதீய. அடுத்து உங்களுக்குத்தான் பொன்னாடை."

சுகந்தி பட்டுத் துணியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினாள். முன்வரிசையில் ஸ்ரீவித்யா, தான் படிக்க வேண்டிய கட்டுரையோடு உட்கார்ந்திருந்தார். சுகந்தி அவர் காதருகே சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. மேடையைப் பார்த்தார். தலைவர் அவர் பெயரைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருக்கறது வெறும் டெமோ மெஷின்தான். இத வச்சுப் பாத்துக்கிட்டிருக்க நேரமில்ல" என்று வேகமாகச் சொன்னார். "நீ தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. இப்பவே போ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத."

பிறகு எழுந்து மேடைக்குப் போனார்.

வெளியே ஆட்டோ ஒன்றும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு டவுன் பஸ் நின்றது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏறியவர்களால் அது நிறைந்திருந்தது; இருக்கையெல்லாம் எண்ணெயும் தண்ணீருமாக வழுக்கியது. யாரோ ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். வெளியூர்க் கூட்டம் ஒன்று பின்னால் தாளம் போட்டுக்கொண்டு வந்தது. சுகந்தி இரண்டு கையாலும் வயிற்றை மூடியபடி, மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கிரேன் மேல் இருக்கும்போது போனை எடுக்கக் கூடாது. மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அத்தை, பிள்ள அசையல."

"ஐயய்யோ, மாசாணியம்மா! ஏட்டி, இங்கன மாமாவுக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆளில்லையே, நான் எப்பிடி வருவேன்? நீ போ. போய்ச் சேந்ததும் சொல்லு. நான் யாரையாச்சும் பிடிச்சு விட்டுட்டு வாரேன்."

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு முன்னால் பெண்கள் நீளமாக நின்றார்கள். சுகந்தி நேரே உள்ளே போனாள். மேசையில் இருந்த டாக்டர் ஜெயபிரியா நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"வரிசையில வராம என்னம்மா இது?"

"டாக்டர், ஏம் பிள்ள எந்த வரிசையிலயும் இல்ல. இப்ப அசையவும் மாட்டேங்குது."

டாக்டருக்கு முதல் பாதி புரியவில்லை. இரண்டாம் பாதி கேட்டதும் எழுந்துவிட்டார். "படு. அந்தக் கட்டில்ல படு. எப்பத்துலருந்து அசையல?"

"காலையிலருந்து. எனக்குச் சாதி, எங்க வீட்டுக்காரவிய ஒசரம், அம்மை ஊரு எல்லாம் வேணும்னா…"

"அதெல்லாம் எதுக்கு எனக்கு? சும்மா இரு, கேக்க விடு."

வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டி ஒரு பெட்டியைத் திருகினார்கள். குதிரை ஓடுவது போல ஒரு சத்தம் வந்தது. சுகந்தி கண்ணை மூடினாள். ஆனால் குதிரை நடுநடுவே நின்று நின்று ஓடியது. டாக்டர் அதை உன்னிப்பாகக் கேட்டார். பிறகு, "ஆபரேஷன்தான்மா. இப்பவே. கூட யாரு வந்திருக்கா?" என்றார்.

"யாருமில்ல."

"வீட்டுக்காரர்?"

"வெளிநாடு."

"சம்மதம் யாரு போடுவா?"

"நான்தான்" என்றாள் சுகந்தி. அவள் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. பச்சைத் துணி விரித்தபோது, இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்களே, ஒரு கையையாவது பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தாள். எல்லார் கையிலும் வேலை இருந்தது.

பிள்ளை பிறந்தது. பெண். ரொம்பச் சின்னது. கத்துவதற்கு முன் கொஞ்சம் யோசித்தது. அந்த நேரத்தில் அந்த அறையில் யாரும் மூச்சு விட்டதாகச் சுகந்திக்குத் தெரியவில்லை. பிறகு கத்தியது, பூனைக்குட்டி மாதிரி. சூடான பெட்டியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, பால் குடிக்கப் பழகியதும் வார்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றைக்கே பேச்சிராஜ் போன் செய்தார்.

"எடை எவ்வளவும்மா?"

"பிறக்கும்போது ஒரு கிலோ எண்ணூறு."

அவர் பக்கத்தில் யாரிடமோ அதைச் சொல்வது கேட்டது. மறுபடி வந்தபோது குரல் குளிர்ந்திருந்தது, சந்தோஷத்தில். "தலைவருக்கு ரொம்பத் திருப்திம்மா. பழைய கோட்டுல பாத்தா மூணாவது இடம். மொதல்லயே நாங்க சின்னப் பிள்ளைன்னு சொன்னோம்லா, அது சரியாப் போச்சு. புதுக் கோட்டுப்படி ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னோம், ஒண்ணும் ஆவலல்லா? அதுவும் சரி. ரெண்டு கோடும் ஜெயிச்சிட்டு."

சுகந்தி பிள்ளையின் காலைத் துணிக்குள் இழுத்து மூடினாள்.

"ஒரே ஒரு விஷயம். நீங்க வெளிய போய்ப் பெத்துக்கிட்டதால ஆராய்ச்சியிலருந்து ஒங்க பிள்ளைய எடுக்க வேண்டியதாப் போச்சு. புனலூர்க் கலப்பு வேற. சண்முகநாதன் சாரும் அதத்தான் சொல்லுதாரு."

"அப்போ இப்ப எந்த வரிசையில நிக்குது அண்ணாச்சி?"

"எதுலயும் இல்லம்மா."

"சரி" என்று போனை வைத்தாள்.

பார்வையாளர் நேரம் தொடங்கியது. கதவு திறந்ததும் தூக்குவாளிகளோடும் ஃபிளாஸ்க்குகளோடும் ஆட்கள் நுழைந்தார்கள். ஒவ்வொரு கட்டிலையும் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டு பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார்கள். மூக்கு அப்பன் மூக்கு என்றார்கள். இல்லை, பெரிய தாய்மாமன் மூக்கு என்று சண்டை போட்டார்கள். ஒரு கட்டிலில் காதை வைத்து வழக்கே நடந்தது. முருகம்மாள் மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் பிடித்து விட்டு நேற்று ஒரு எட்டு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். மாரிச்செல்வம் வீடியோவில் பார்த்தான். அழுததில் அவனுக்குப் பிள்ளை சரியாகத் தெரியவில்லை. சுகந்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் வடிந்த பிறகு, பக்கத்துக் கட்டில் ஷரீபுன்னிசா ஒரு கையால் தையலைப் பிடித்துக்கொண்டு பைய எழுந்து வந்தாள். வடகரைக்காரி, அவளுக்கு இது மூன்றாவது பிள்ளை.

"யாரு சாடைட்டி?"

"தெரியலக்கா. யாரும் பாத்துச் சொல்லல."

ஷரீபுன்னிசா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். நெற்றி, புருவம், மூடிய கண், உதடு. ஒன்றும் பிடிபடாதது போல நாக்கைத் தட்டினாள்.

"இத மட்டும் பாத்தா எப்பிடித் தெரியும்? ஒம் மூஞ்சிய இங்கன காட்டு."

சுகந்தியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள், சுகந்தியை ஒரு தடவை பார்த்தாள். அவசரமே படவில்லை. சுகந்திக்குக் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

"ஏட்டி, அழாத" என்றாள் ஷரீபுன்னிசா. "அழுதா மூஞ்சி மாறிப்போவும்லா. பொறவு நான் எதப் பாத்துச் சொல்ல?"

சுகந்தி முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, அவள் பார்ப்பதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.